பிரட்டுக் களமும் பைக்குழல் ஓசையும்

பொழுது விடியுமுன் மணி ஒலித்ததும், பால்வாளியும் கத்தியுமாய் நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் கூடி நின்ற இடத்திற்குப் 'பிரட்டுக் களம்' என்று பெயர். 'பிரட்டு' என்னும் இச்சொல் 'பரேடு' என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபாகும். வீரர்கள் வரிசையாய் நிற்க, அதிகாரி பெயர் அழைத்து ஆள் எண்ணிக்கை பார்ப்பது பட்டாளத்து வழக்கம். அவ்வழக்கமே தோட்டத்திற்கு வந்து கங்காணியின் பெயர் அழைப்பாக மாறிற்று. ஆதலின், படை அணிவகுப்பு என்பது நமக்கு முற்றும் புதிய பொருளன்று.

சிங்கப்பூரிலும் பிற நகரங்களிலும் ஆண்டு விழாக்கள் நடைபெறும்போது, மடிப்பு மடிப்பான கட்டமிட்ட ஆடையை இடையில் அணிந்து, கக்கத்தில் ஒரு பையை இடுக்கிக்கொண்டு, குழல் ஊதியவாறு அணியாய் நடந்து வருவோரைத் தொலைக்காட்சியில் நாம் கண்டிருக்கிறோம். 'இவர்கள் யார்? பாவாடை கட்டியிருப்பது ஏன்? ஸ்காட்லாந்து நாட்டு வாத்தியம் சிங்கப்பூரில் ஒலிப்பது எதனால்?' என்று நம் பிள்ளைகள் வினவக்கூடும். அவர்களுக்கு விடை கூறும் முகத்தான் இக்கட்டுரையை எழுதுகிறோம். அந்த ஓசைக்கும் நம் ரப்பர்த் தோட்டங்களுக்கும் உள்ள தொடர்பு, பலரும் எண்ணியிருப்பதைவிட நெருங்கியதாகும்.

விழாப் படை என்பது யாது?

படையின் முதற்பணி போர் புரிதல். ஆயினும் எல்லா நாடுகளிலும் படைக்கு இரண்டாவது பணி ஒன்றும் உண்டு. அரண்மனை வாயிலில் காவல் மாறுதல், விருந்தினராக வரும் தலைவர்களுக்கு மரியாதை அணி நிற்றல், இறந்த வீரர்களின் நினைவு நாளில் தலை வணங்குதல், நகரின் ஆண்டு விழாவில் அணிவகுத்தல் ஆகியன அப்பணியில் அடங்கும். இவற்றிற்கென்றே பயின்ற அணிகளை விழாப் படை எனலாம்.

ஸ்காட்லாந்தில் இதற்கு ஒரு வியப்பான எடுத்துக்காட்டு உண்டு. அங்குள்ள பிளேர் கோட்டையில், அத்தோல் கோமகனுக்கு உரிய 'அத்தோல் ஹைலாண்டர்ஸ்' என்னும் அணி இருக்கின்றது. 1844ஆம் ஆண்டில் விக்டோரியா மகாராணியார் அக்கோட்டையில் தங்கியபோது இவ்வணியினர் காவல் புரிந்தனர். அதற்கு நன்றியாக 1845ஆம் ஆண்டில் மகாராணியார் கொடிகளை வழங்கினார். இது அரசாங்கப் படையின் பகுதியன்று. ஒரு தனியாருக்கு உரிய படை. போர்முனைக்கு இது செல்வதில்லை. கொடி, குழல், முரசு ஆகியவற்றோடு விழாக்களில் அணிவகுப்பதே இதன் தொழில்.

'போர் செய்யாத படையால் என்ன பயன்?' என்று கேட்கத் தோன்றும். நம் தோட்டத்து முனியாண்டி சந்நிதியிலும் மதுரை வீரன் சந்நிதியிலும் ஊன்றிவைத்திருக்கும் அரிவாளை எண்ணிப் பார்ப்போம். அந்த அரிவாள் மரமும் வெட்டுவதில்லை, புல்லும் அறுப்பதில்லை. எனினும், 'இங்கே நமக்குக் காவல் உண்டு. நமக்காக நின்றவர் ஒருவர் இருந்தார்' என்பதை அது நாள்தோறும் நினைவூட்டுகிறது. விழாப் படையின் வாளும் அத்தகையதே.

நாதஸ்வரத்தின் உறவு

பைக்குழலை நாம் புரிந்துகொள்வது எளிது. நம் கோயில் மேளத்தில் இராகம் வாசிப்பது நாதஸ்வரம். அதன் அருகே ஒரே சுருதியை விடாது ஒலிப்பது ஒத்து. இவ்விரண்டையும் ஒரே மனிதர் ஒரே நேரத்தில் வாசிப்பதாக எண்ணிக்கொண்டால் அதுவே பைக்குழல்.

ஊதுகுழாய் வழியாக வீரர் தம் கக்கத்திலுள்ள பையில் காற்றை நிரப்புகிறார். பின்னர் முழங்கையால் அப்பையை அழுத்துகிறார். காற்று இரு வழிகளில் வெளியேறுகிறது. ஒன்று, விரல் துளைகள் உள்ள இசைக்குழல். மற்றது, தோள்மீது சாய்ந்து மேல்நோக்கி நிற்கும் மூன்று ஒத்துக்குழல்கள். அவற்றுள் ஒன்று நீண்டது. மந்தர ஒலி தருவது. மற்ற இரண்டும் அதனினும் ஒரு தாயி மேலாக ஒலிப்பன. வீரர் மூச்சு வாங்கும்போதும் பையில் காற்று இருப்பதால் ஓசை அறுபடுவதில்லை. ஆண்டும் மாதமும் பயின்று நம் வித்துவான்கள் மூச்சடக்கி வாசிப்பதை, அங்கே தோற்பை செய்து முடிக்கிறது.

இசைக்குழலின் உள்ளே நாணல் வகைத் தட்டையைச் சீவிச் செய்த இரட்டைச் சீவாளி ஒன்று உண்டு. நாதஸ்வரத்திலும் சீவாளி இரட்டையே. ஆனால் பைக்குழலில் அது குழலுக்குள் மறைந்திருக்கும். வாசிப்பவரின் உதடு அதனைத் தொடுவதில்லை. எனவே ஓசையைக் கூட்டவும் குறைக்கவும் இயலாது. அடிப்படைச் சுரங்களும் ஒன்பதே. இக்குறையை ஈடுசெய்யவே, ஒரு சுரத்திற்கும் அடுத்த சுரத்திற்கும் இடையே மின்னல்போல் சிறு சுரங்களைத் தெறித்து வாசிக்கும் முறை வளர்ந்தது. நம் இசையிலும் துருத்தி இல்லாமலில்லை. தமிழகத்துக் கூத்து மேடைகளில் சுருதிக்காக ஊதப்பட்ட 'துத்தி' என்பது தோற்பை வைத்த குழலேயாகும்.

மலைகளிலும் திறந்த வெளியிலும் வெகு தூரம் கேட்கவல்லது பைக்குழல். அதனால்தான் அது படைக்கு ஏற்ற வாத்தியமாயிற்று.

தோற்ற மக்களின் உடை

'கில்ட்' எனப்படும் அந்த ஆடை ஏறத்தாழ 8 கெஜம் கம்பளித் துணியில் தைக்கப்படுகிறது. முன்புறம் தட்டையாகவும் பின்புறம் நெருங்கிய மடிப்புகளாகவும் அது அமையும். இடுப்பின் முன்னே தொங்கும் பை, சட்டைப்பை இல்லாத குறையைத் தீர்ப்பது. துணியிலுள்ள கட்டங்களின் நிறமும் வரிசையும் இன்ன படையணி என்று காட்டுவன.

இன்று கைதட்டி வரவேற்கப்படும் இவ்வுடை ஒரு காலத்தில் தடை செய்யப்பட்ட உடையாகும். ஸ்காட்லாந்தின் மலைநாட்டு மக்கள், அரசுரிமையை முன்னிட்டுக் கிளர்ச்சி செய்து, 1746ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் கல்லோடன் என்னும் இடத்தில் தோற்றனர். அதே ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், அம்மக்கள் தம் பாரம்பரிய உடையை அணிவதைக் குற்றமாக்கியது. 1782ஆம் ஆண்டில்தான் அத்தடை நீங்கியது. ஆனால் அந்த இடைக்காலத்திலும் அரசாங்கப் படையில் சேர்ந்த மலைநாட்டார்க்கு மட்டும் அவ்வுடை அனுமதிக்கப்பட்டது. பாட்டன் உடையை உடுத்த விரும்பிய இளைஞன், தன் பாட்டனை வென்றவனின் படையில் சேர வேண்டியிருந்தது. வறுமையும் அவனை அவ்வழியே தள்ளியது. பிழைப்பிற்காகக் கடல் கடந்த வரலாறு உடைய நமக்கு அவர்தம் நிலை விளங்காததன்று.

அவ்வாறு சேர்ந்தவர்கள் தமிழ் மண்ணுக்கும் வந்தனர். 1781ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள், பறங்கிப்பேட்டையில் ஐதர் அலியின் படையை எதிர்த்து ஆங்கிலத் தளபதி சர் அயர் கூட் போரிட்டார். அப்போது 73ஆவது ஹைலாண்டு படையணியின் குழல் ஊதுவோர் போர்க்களத்தில் ஓயாது ஊதினர். அதனைக் கண்ட தளபதி, வெள்ளிக்குழல் செய்துகொள்ள 50 பவுன் பரிசளித்ததாக அப்படையணியின் வரலாறு கூறுகின்றது. நம் முன்னோர் பைக்குழலை முதன்முதல் கேட்ட இடங்களுள் கடலூர்க் கரையும் ஒன்று எனலாம். அது திருவிழா ஓசையாக வரவில்லை. பீரங்கி ஓசையோடு வந்தது.

பாடாங் திடலைச் சுற்றி

இனிச் சிங்கப்பூருக்கு வருவோம். 1819ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள் ராஃபிள்ஸ், சுல்தான் உசேன் ஷாவுடனும் தெமெங்கோங் அப்துல் ரகுமானுடனும் உடன்படிக்கை செய்துகொண்டார். ராஃபிள்ஸ் சில நாளில் புறப்பட்டுவிட, நகரை உண்மையில் நடத்தியவர் முதல் ஆட்சியாளரான வில்லியம் ஃபார்க்குவார். அவர் ஸ்காட்லாந்துக்காரர். அதே ஆண்டு மே மாதம் ராஃபிள்ஸ் இரண்டாம் முறை வந்தபோது, பினாங்கிலிருந்து உடன்வந்தவர் நாராயண பிள்ளை என்னும் தமிழர். அவர் தஞ்சோங் பகாரில் செங்கற்சூளை அமைத்தார். சௌத் பிரிட்ஜ் சாலையில் ஸ்ரீ மாரியம்மன் கோயில் தோன்றக் காரணமாய் இருந்தார். ஆக, அந்நகரின் பிறந்தநாளில் ஸ்காட்லாந்தும் தமிழகமும் ஒருங்கே நின்றன.

அந்நகரில் அணிவகுப்புகளுக்குப் பேர்பெற்றது பாடாங் திடல். அதன் அருகே வெண்மையாய் உயர்ந்து நிற்பது செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயம். ஆண்ட்ரூ என்பவர் ஸ்காட்லாந்தின் காவல் புனிதர். அங்கு எழுந்த முதல் ஆலயத்திற்கு ஸ்காட்லாந்து வணிகர்கள் பொருள் உதவியதால் அப்பெயர் அமைந்தது. இன்று நிற்கும் கட்டடத்தை எழுப்பியவர்களோ, இந்தியாவிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்ட கைதிகள். சுவர்களுக்கு அவர்கள் பூசியது 'மதராஸ் சுண்ணாம்பு'. கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக்கருவும் சர்க்கரையும் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுப் பதமாக்கிப் பூசி மெருகேற்றும் முறை அது. பெயர் ஸ்காட்லாந்துடையது; உழைப்பும் பூச்சும் நம் நாட்டினுடையவை.

ஆற்றங்கரைக்குச் சற்று நடந்தால் டல்ஹௌசி தூண் காணப்படும். இந்தியத் தலைமை ஆளுநரும் ஸ்காட்லாந்துக்காரருமான டல்ஹௌசி பிரபு 1850ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கு வந்ததன் நினைவாக எழுந்தது அது. அதன் நான்கு முகங்களில் ஆங்கிலம், சீனம், ஜாவி எழுத்து மலாய் ஆகியவற்றோடு தமிழிலும் வாசகம் பொறிக்கப்பட்டுள்ளது. அன்றே அந்நகரில் தமிழ் ஒரு பொதுமொழியாய் மதிக்கப்பட்டதற்கு அக்கல் சான்றாகும்.

அங்கிருந்து சிராங்கூன் சாலைப் பக்கம் வந்தால் லிட்டில் இந்தியா. பூமாலையும் மல்லிகையும் மசாலையும் மணக்கும் அவ்விடத்தில், சந்துகளின் பெயர்ப் பலகைகளை நிமிர்ந்து பார்த்தால் டல்ஹௌசி, கிளைவ் என்னும் பெயர்கள் தென்படும். 1989ஆம் ஆண்டு முதல் அப்பகுதி பாதுகாக்கப்பட்ட மரபுவட்டாரமாக விளங்குகிறது. காம்ப்பெல் லேனில் 2015ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம், அப்பெயர்ப் பலகைகள் சொல்லாத நம் மக்களின் கதையை எடுத்துரைக்கின்றது.

ரப்பர்த் தோட்டத்தில் நடந்த போர்

1939ஆம் ஆண்டு, 'ஆர்கைல் அண்டு சதர்லாந்து ஹைலாண்டர்ஸ்' என்னும் படையணியின் இரண்டாவது பட்டாளம் இந்தியாவிலிருந்து சிங்கப்பூருக்கு வந்தது. நகரச் சுகத்தில் நாள் கழிக்காமல், அவர்கள் மலாயாவின் காடுகளிலும் தோட்டங்களிலும் பயிற்சி பெற்றனர். 1941ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் படையெடுத்தபோது, இந்தியப் படைகளோடு தோளிணைந்து வடக்கிலிருந்து படிப்படியாகப் பின்வாங்கிப் போரிட்டனர்.

1942ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் நாள் விடியுமுன், பேராக் மாநிலத்தின் ஸ்லிம் ரிவர் வட்டாரத்தில், ரப்பர் மரங்களுக்கு இடையே செல்லும் நெடுஞ்சாலை வழியே ஜப்பானிய டாங்கிகள் பாய்ந்து வந்தன. அவற்றைத் தடுக்கும் ஆயுதம் போதிய அளவில் இல்லை. சில மணி நேரத்தில் படையணிகள் சிதறின. போருக்குப் பின் பெயர் அழைத்துப் பார்த்தபோது, ஆர்கைல் பட்டாளத்தில் ஏறத்தாழ நூறு பேரே எஞ்சியிருந்தனர். பிரட்டுக் களத்தில் பெயர் அழைத்து விடை வராத மௌனத்தை நாமும் அறிவோம். அம்மை வந்த ஆண்டும், காய்ச்சல் வந்த ஆண்டும் நம் முன்னோர் அதனைக் கேட்டவர்களே.

ஜனவரி 31ஆம் நாள் காலை, பிரிட்டிஷ், இந்திய, ஆஸ்திரேலியப் படைகள் ஜொகூர் கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூர்த் தீவுக்குள் சென்றன. இறுதியாகக் கடந்தது ஆர்கைல் பட்டாளம். எஞ்சியிருந்த குழல் ஊதுவோர் இருவர் பைக்குழல் இசைக்க, வீரர்கள் அணிவகுத்தே நடந்தனர். பின்னர்ப் பாலத்தின் ஒரு பகுதி வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. தோற்றுப் பின்வாங்கும் படைக்கு அணிவகுப்பு எதற்கு என்று கேட்கலாம். உடைந்த மனம் ஒன்றுசேர்ந்து நிற்பதற்கே அது உதவிற்று. விழா நாளுக்கென்று பயின்ற ஒழுங்கு, துன்ப நாளில் கைகொடுத்தது.

இரண்டு வாரம் கழித்து, பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது.

குழல் ஒலிக்காத கல்லறைகள்

கைதியான வீரர்களுள் பலரைச் சயாம்–பர்மா இரயில் பாதை அமைக்க ஜப்பானியர் கொண்டு சென்றனர். 1942 அக்டோபர் முதல் 1943 அக்டோபர் வரை, 415 கிலோமீட்டர் பாதை காட்டில் போடப்பட்டது. அங்கே 60,000க்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் உழைத்து, அவர்களுள் 12,000க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். அதே பாதைக்கு மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து நம் தமிழ்த் தொழிலாளர்களும் ஆயிரமாயிரமாகக் கொண்டு செல்லப்பட்டனர். பசியாலும் வாந்திபேதியாலும் மலேரியாவாலும் ஆசியத் தொழிலாளர்கள் இறந்த தொகை, போர்க்கைதிகள் இறந்த தொகையினும் பன்மடங்கு மிகுதி. ஸ்காட்லாந்து வீரனும் தோட்டத்துத் தமிழனும் ஒரே மண்ணை வெட்டினர். ஒரே நோயில் வீழ்ந்தனர்.

இறப்பிற்குப் பின்னர்தான் இருவர் வழியும் பிரிந்தது. போர்வீரர்களுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாய்க் கல்லறைகள் உள்ளன. சிங்கப்பூரின் கிராஞ்சி நினைவிடத்தில், கல்லறை அறியப்படாத 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் சுவர்களில் பொறிக்கப்பட்டுள்ளன. சமய முறைப்படி எரியூட்டப்பட்ட ஏறத்தாழ 800 பேருக்கு, அவர்களுள் பெரும்பாலோர் இந்திய வீரர்கள், அங்குத் தனி நினைவுச் சின்னமும் உண்டு. ஆனால் இரயில் பாதையில் மடிந்த நம் தொழிலாளர்களுள் மிகப் பெரும்பாலோர்க்குப் பெயர் பொறித்த கல் இல்லை. படையில் ஒவ்வொருவர் பெயரும் பதிவேட்டில் இருந்தது; நம்மவர் பெயரோ தோட்டத்துச் செக்ரோலோடு மறைந்தது. வீரனுக்கு நடுகல் நாட்டிப் பெயரும் ஊரும் பொறித்த மரபினரின் வழிவந்தோர்க்கு இது மனத்தை உறுத்தும் செய்தியாகும்.

நம் மக்கள் அணிவகுத்த நாளும் உண்டு. 1943ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள், அதே பாடாங் திடலில் இந்திய தேசிய இராணுவத்தின் அணிவகுப்பை நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் பார்வையிட்டார். அவ்வாண்டு அக்டோபர் 22ஆம் நாள், ஜான்சி ராணி படையின் பயிற்சி முகாம் சிங்கப்பூரில் திறக்கப்பட்டது. சென்னையில் பிறந்த மருத்துவர் லட்சுமி அதற்குத் தலைமை தாங்கினார். அப்படையில் சேர்ந்த பெண்களுள் பலர் மலாயாவின் ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளைகள். பால் வெட்டிய கையில் துப்பாக்கி ஏந்தி, ஆண்களுக்கு நிகராய் அவர்கள் நடந்தனர்.

ஆண்டு விழாவில் யார் நிற்பது?

1919ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள் சிங்கப்பூரின் நூற்றாண்டு கொண்டாடப்பட்டது. பாடாங்கில் நின்ற ராஃபிள்ஸ் சிலை, அந்நாளில் எம்பிரஸ் பிளேசுக்கு மாற்றி நிறுவப்பட்டது. 1969ஆம் ஆண்டு 150ஆம் ஆண்டு விழா வந்தபோது, சிங்கப்பூர் சுதந்திர நாடாகி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவ்வாண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் தேசிய தின அணிவகுப்பிற்குப் பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் இளவரசி அலெக்சாண்ட்ரா விருந்தினராக வந்தார். அணிவகுத்ததோ சிங்கப்பூரின் சொந்தப் படை. 2019ஆம் ஆண்டு 200ஆம் ஆண்டு நினைவின்போது மேலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. ஆற்றோரத்தில் ராஃபிள்ஸ் சிலையின் அருகே சங் நில உத்தமா, டான் டோக் செங், முன்ஷி அப்துல்லா ஆகியோரின் சிலைகளோடு நாராயண பிள்ளையின் சிலையும் சில காலம் நிறுத்தப்பட்டது. முதல் நூற்றாண்டு விழாவில் ஒருவர். இரு நூற்றாண்டில் ஐவர். ஒரு நகரம் தன் பிறப்பை நினைவுகூரும்போது யாரை நிற்கவைக்கிறது என்பதே அவ்விழாவின் உட்பொருளாகும்.

பைக்குழலும் கைமாறிற்று. 1949ஆம் ஆண்டு சிங்கப்பூர்க் காவல்துறையில் அமைக்கப்பட்ட கூர்க்கா அணியினர் அதனை இசைக்கின்றனர். அக்காவல்துறையின் மகளிர் பைக்குழல் அணியிலும் அது ஒலிக்கின்றது. ஸ்காட்லாந்தின் மலைகளில் பிறந்த வாத்தியம், இன்று ஆசியப் பெண்களின் மூச்சிலும் உயிர்பெறுகிறது.

கடற்பாலத்தை இறுதியாகக் கடந்த ஆர்கைல் படையணியின் நிலையையும் அறிவது நன்று. 2006ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் படையணிகள் ஒன்றாக இணைக்கப்பட்டன. பின்னர் 2013ஆம் ஆண்டில் ஆர்கைல் பட்டாளம் ஒரே ஒரு கம்பெனியாகச் சுருக்கப்பட்டு, எடின்பரோ நகரில் விழாக் காவல் பணிக்கு ஒதுக்கப்பட்டது. ஸ்லிம் ரிவரில் குருதி சிந்திய படை, இறுதியில் விழாப் படையாயிற்று.

வாசகர்களே! சிங்கப்பூருக்கு உறவினர் வீட்டிற்கோ வேலைக்கோ செல்லும்போது, தேக்காவில் பொருள் வாங்கியதோடு திரும்பிவிடாதீர்கள். பாடாங் திடலுக்கும் டல்ஹௌசி தூணுக்கும் பிள்ளைகளை அழைத்துச் சென்று, அக்கல்லிலுள்ள தமிழ் எழுத்தைக் காட்டுங்கள். கிராஞ்சிக்கும் ஒருமுறை செல்லுங்கள்.

அதனினும் முதன்மையான கடமை நம் வீட்டிலேயே உள்ளது. இரயில் பாதைக்குச் சென்று திரும்பாத பாட்டனாரின் பெயர், அவர் வேலை செய்த தோட்டம், அவரோடு சென்றவர்கள் யாவர் என்பவற்றை வீட்டுப் பெரியோரிடம் இன்றே கேட்டு, ஒரு குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதிவையுங்கள். அவர்களுக்காகக் குழல் ஊத ஒரு படையணி இல்லை. பெயர் அழைக்கவாவது நாம் இருக்கிறோம்.